நிமிர்த்தக் கூடாத இரும்பு

பந்தயக் கார்ட்டில், இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. செலவுக்கு அஞ்சி விட்டுவிட்டதல்ல; சர்வதேச கார்ட்டிங் விதிகளே அதைத் தடைசெய்கின்றன. அச்சின் நடுவே வைத்தாலும், சக்கரத்தின் ஹப்புக்குள் மறைத்து வைத்தாலும், வேறு எந்த உபாயத்தால் செய்தாலும் கூடாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே எஃகுக் குழாயின் இரு முனைகளில் இறுகப் பூட்டப்பட்டவை. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

நேர்சாலையில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. வளைவில்தான் வழக்கு ஆரம்பம். வெளிச்சக்கரம் போக வேண்டிய தூரம் அதிகம், உட்சக்கரத்துக்குக் குறைவு. இரண்டுக்கும் நடுவே 1.1 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வண்டி முழுதாகத் திரும்பி, வந்த திசையையே பார்க்கும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய மூன்றரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வளைவு சின்னதோ பெரியதோ, கணக்கு மாறாது. 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினாலும் 100 மீட்டர் ஆரத்தில் திரும்பினாலும் அதே மூன்றரை மீட்டர்தான். வட்டத்தின் சுற்றளவைப் படித்த எவரும் போட்டுப் பார்த்துவிடலாம்; ஆனாலும் விடையை நம்ப மனம் வராது. கார்ட்டின் பின்டயர் சுமார் 28 செ.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 88 செ.மீ. நகரும். ஆக, ஒரு கொண்டைஊசி வளைவில் வெளிச்சக்கரத்துக்கு நான்கு சுற்று கூடுதலாக வேண்டியிருக்கிறது. அச்சு விடுவதில்லை. டயரின் ரப்பர் தேய்ந்து அந்தக் கடனைத் தீர்க்கலாம், அச்சு முறுக்கிக்கொள்ளலாம், அல்லது வண்டி திரும்ப மறுத்து நேரே புல்வெளிக்குப் போகலாம்.

இந்தச் சிக்கலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீர்வு கண்டாயிற்று. 1820களின் இறுதியில் பாரிஸில் ஒனேசிஃபோர் பெக்கர் தன் நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், தையல் இயந்திரத்திலிருந்து சைக்கிளுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்டார்லி அதை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். அவரும் மகன் வில்லியமும் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் மிதித்த வண்டி, இளைஞனின் கால் பலத்தால் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனதாம்; அதற்குப் பரிகாரமாக 1877-இல் இந்தப் பல்சக்கர ஏற்பாட்டைச் செய்தாராம். கதை இவ்வளவு அழகாக இருப்பதாலேயே எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆண்டில் சந்தேகமில்லை.

ஏற்பாடு எளியது. இரண்டு அரை அச்சுகளின் உள்முனையில் ஒவ்வொரு பல்சக்கரம். நடுவே, கூட்டோடு சேர்ந்து சுற்றும் சின்னப் பினியன்கள். வண்டி நேரே போகையில் பினியன்கள் தம் ஊசியில் சுழலாமல் சும்மா கூடவே வரும். திரும்பும்போது மட்டும் சுழன்று, ஒரு பக்கம் குறைந்ததை மறுபக்கம் கூட்டிக் கொடுக்கும். வேகத்தைத்தான் இப்படிப் பங்கிடும். இழுவிசையை இரு பக்கமும் சமமாகவே கொடுக்கும். சிக்கல் அந்தச் சமத்தில் இருக்கிறது. ஒரு சக்கரம் வழுக்கினால், அது எவ்வளவு விசை தாங்குகிறதோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் கிடைக்கும். ஐப்பசி மழையில் மண்சாலையில் மாட்டிய லாரியின் ஒரு பக்கச் சக்கரம் சேற்றை வாரியிறைக்க, மறுபக்கம் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கார்ட்டோ வேறு வழியில் போயிற்று. 1956-இல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில், பந்தயக் கார் செய்யும் கர்டிஸ் கிராஃப்ட் நிறுவனத்தில் வேலைபார்த்த ஆர்ட் இங்கல்ஸ், விலைபோகாமல் கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தின் இரண்டரைக் குதிரைத்திறன் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி ஓட்டினார். பசடீனாவில் ரோஸ் பௌல் மைதானத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடியது. சில ஆண்டுகளில் அது தொழிலாகிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பந்தயக் கார்ட்டுக்கு ஸ்பிரிங் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை. சட்டமே வளைந்து கொடுக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்தால், முன்சக்கரங்கள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்தும், வெளிப்பக்கச் சக்கரம் மேலேறும். சட்டம் மூலைக்கு மூலை முறுக்கிக்கொள்ளும். உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சில மில்லிமீட்டர் எழும். எழுந்த சக்கரம் எவ்வளவு சுற்றினால் யாருக்கென்ன? நான்கு சுற்றுக் கடன் அந்தரத்தில் தீர்ந்துவிடுகிறது. இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் எடையும் இதில் ஒரு உறுப்பு. எஞ்சினோடு சேர்ந்த கார்ட்டும் ஓட்டுபவரும் ஏறக்குறைய சம எடை. அவர் எங்கே உட்காருகிறார் என்பதை இரண்டு செ.மீ. மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும்.

ஆகவே கார்ட்டின் பின்னச்சு சக்கரங்களைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அது ஸ்பிரிங், டிஃபரன்ஷியலின் பதிலாள், பிரேக் டிஸ்க்கையும் ஸ்ப்ராக்கெட்டையும் சுமக்கும் தண்டு, எல்லாம். மென்மையானது, நடுத்தரம், கடினம் என்று அச்சுகளைத் தரம்பிரித்து விற்கிறார்கள். ஒரே நாளில் காலையில் ஒன்றும் பிற்பகலில் வேறொன்றும் மாட்டும் அணிகள் உண்டு. விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச விட்டம் 50 மி.மீ. உள்ளே வெற்றிடம், சுவரின் கனம் இரண்டு மில்லிமீட்டர் அளவில்.

இந்த இடத்தில் கோயமுத்தூருக்கு வந்துவிடுகிறேன். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டி, 1995-இல் சிறுவிமான விபத்தில் மறைந்த எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தடம். மாணவர்கள் தாமே கட்டிய வண்டிகளோடு வந்து போட்டியிடுவதுண்டு. அந்த மாணவர் கார்ட்டுகளில் பலவற்றைப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் அச்சு குழாயாக இருக்காது. லேத் பட்டறையில் கடைந்த 30 மி.மீ. திடத் தண்டாக இருக்கும். எஃகு ஈ.என். 8 ரகம், கொஞ்சம் பணமிருந்தால் ஈ.என். 19. இரு பக்கமும் பிளம்மர் பிளாக் பேரிங். 125 அல்லது 150 சி.சி. பைக் எஞ்சின், அதே பைக்கின் செயின், அதே பைக்கின் டிஸ்க். குழாயைவிடத் திடத் தண்டு பலமானது என்று பையன்கள் உளமார நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 30 மி.மீ. திடத் தண்டு மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ. 2 மி.மீ. சுவருள்ள 50 மி.மீ. குழாய் 2.4 கிலோதான். ஆனால் வளையாமல் எதிர்த்து நிற்பதில் குழாய் தண்டைவிட இருமடங்குக்கும் மேல். இரும்பு நடுவில் இருந்து பயனில்லை. வெளிவிளிம்பில் இருந்தால்தான் வளைவை எதிர்க்கும். இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இருக்கிற சூத்திரம்தான். பரீட்சையில் எழுதிய கைதான் பட்டறையில் திடத் தண்டைக் கேட்கிறது.

ஏதாவதொரு அணி, இத்தனை சிரமம் எதற்கு என்று, ஆட்டோவிலோ பேட்டரி ரிக்‌ஷாவிலோ கழற்றிய டிஃபரன்ஷியலைக் கார்ட்டில் பூட்டிக்கொண்டு வரும். தள்ளிப் பார்த்தால் வெண்ணெயாய்த் திரும்பும். தடத்தில் வேகமெடுத்து வளைவுக்குள் போனதும் சட்டம் தன் வழக்கப்படி உள்சக்கரத்தைத் தூக்கும். தூக்கிய சக்கரம் காற்றில் விர்ரென்று சுற்றும். தரையில் ஊன்றிய சக்கரத்துக்கு ஒன்றும் வந்துசேராது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. சக்கரத்தைத் தூக்கும்படி கட்டிய சட்டத்தில், தூக்கவே கூடாத ஒரு கருவி. டிஃபரன்ஷியலைக் கெட்டது என்று சொல்லவில்லை. சக்கரம் எழாத, தோட்டத்திலும் மண்பாதையிலும் மெதுவாகப் போகும் பொழுதுபோக்குக் கார்ட்டுக்கு அது அருமையான பொருள்.

அந்தப் பொழுதுபோக்குக் கார்ட்டின் டிஃபரன்ஷியலைப் பழுதுபார்க்கும் வேலை எனக்குப் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் புல்வெட்டும் வண்டிகளுக்காகச் செய்த பீர்லெஸ் போன்ற சின்ன டிஃபரன்ஷியல்கள் இவற்றில் நிறைய ஓடின. ஸ்ப்ராக்கெட் நேரே கூட்டிலேயே பூட்டியிருக்கும். போல்ட்டுகளைக் கழற்றினால் ஓடு இரண்டாகப் பிரியும். கருத்துக் கெட்டியான கிரீஸுக்குள் எல்லாம் கண்ணுக்கெதிரே இருக்கும். கோளாறு எங்கே என்பதைச் சத்தமே சொல்லிவிடும். நேரே போகும்போதும் ஊளையிட்டால் பேரிங்கைப் பார். திரும்பும்போது மட்டும் கடகடத்தால் உள்பினியனையும் அதன் ஊசியையும் பார். எஞ்சினை ஏற்றி இறக்கும்போதெல்லாம் டக்கென்று ஒரு தட்டு கேட்டால் பற்களின் இடைவெளி கூடிவிட்டது. தேய்ந்த வாஷரை மாற்றலாம், புஷ்ஷைக் கடைந்து போடலாம், பல் உடைந்தால் அந்தப் பல்சக்கரத்தை மட்டும் மாற்றலாம். டிஃபரன்ஷியல் தேய்ந்து கெடும் பொருள். தேய்மானத்தை அளக்க முடியும், அளந்ததை ஈடுசெய்ய முடியும். நம் ஊர்ப் பட்டறைகளின் திறமையெல்லாம் இந்த இடத்தில் செல்லும். எதையும் தூக்கியெறியாத கைகள் அவை, அதில் பெருமைப்படவும் நியாயமிருக்கிறது.

அச்சு தேய்ந்து கெடுவதில்லை. களைத்துக் கெடுகிறது.

மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வழியாகப் பள்ளியிலேயே கேட்டவர்கள் நாம். அதனால் அச்சு முறிந்தால் பாரம் கூடிவிட்டது என்றே முதலில் நினைப்போம். சுற்றும் அச்சுகள் பெரும்பாலும் அப்படி முறிவதில்லை. 1842 மே 8 அன்று வெர்சாய்லில் நீரூற்று விழா பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய கூட்டத்தோடு வந்த ரயில், மெதோன் அருகே கவிழ்ந்தது. முன் எஞ்சினின் அச்சு முறிந்திருந்தது. பெட்டிகள் மரம், கதவுகள் வெளியே பூட்டியிருந்தன, தீ பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்டார்க்டிகா வரை போய்வந்த கடலோடி துமோன் துர்வில், மனைவி மகனோடு அதில் இருந்தார். அன்றாடம் தாங்கிய அதே பாரத்தில் அச்சு ஏன் முறிந்தது என்ற கேள்வி ஐரோப்பாவின் பொறியாளர்களைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் ராங்கின், அச்சின் விட்டம் திடீரென மாறும் கூர்மையான மூலைகளிலிருந்து வெடிப்பு உள்ளே வளர்வதைக் காட்டி, அந்த மூலைகளை உருட்டிவிடச் சொன்னார். பிறகு பிரஷ்ய ரயில்வேயின் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை இயந்திரத்தில் பூட்டி, வளைத்த நிலையிலேயே லட்சக்கணக்கான முறை சுழற்றி உடைத்துப் பார்த்தார். ஒரே தடவையில் எளிதாகத் தாங்கும் சுமையை, திரும்பத் திரும்பக் கொடுத்தால் எஃகு தாங்காது என்று நிறுவினார்.

கார்ட்டின் அச்சுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பாரத்தில் லேசாக வளைந்தபடியே அச்சு சுற்றுகிறது. அதன் மேல்தோலில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று. ஒரு மணி நேரத்தில் 90,000. பதினோரு மணி நேர ஓட்டத்தில் பத்து லட்சத்தைத் தொட்டுவிடும். ஒரு பருவத்துப் பயிற்சிக்கே அந்தப் பதினோரு மணி நேரம் போதாது. இத்தனைக்கும் நடுவில் அச்சில் சாவிக்காடி வெட்டியிருக்கிறோம். ஸ்ப்ராக்கெட்டுக்கு ஒன்று, பிரேக் டிஸ்க்குக்கு ஒன்று, ஹப்புகளுக்கு இரண்டு. காடியின் அடிமூலை கத்தியாய் நின்றால் வெடிப்பு அங்கேதான் பிறக்கும். என்ட் மில்லில் இறக்கி வெட்டிய காடி சட்டென்று செங்குத்தாக முடியும்; வட்டக் கட்டரால் வெட்டிய காடி சரிந்து முடியும், அதனால் அச்சுக்கு நோவு குறைவு. லேத்காரரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அவரிடம் எந்தக் கட்டர் கைக்கு வருகிறதோ அதுதான்.

முறிந்த அச்சின் முகத்தைப் பார்த்தால் கதை முழுவதும் எழுதியிருக்கும். ஒரு மூலையில் தொடங்கி, அலை வடிந்த கடற்கரை மணலில் தெரிவதுபோல வரிவரியாய் வளைகோடுகள். அந்தப் பகுதி உரசி உரசி மழுங்கியிருக்கும். எஞ்சிய பகுதி கரடுமுரடாய், புதிதாய் மின்னும். மழுங்கிய பகுதி பல வாரங்களாக முறிந்துகொண்டிருந்தது. மின்னும் பகுதி அந்தக் கடைசி நொடியில் முறிந்தது. ஓட்டியவர் அந்தக் கடைசி நொடியை மட்டும் அறிவார். வளைவில் மோதியதாலோ தடவிளிம்பில் ஏறியதாலோ போயிற்று என்பார்.

முறிவதற்கு முன்னால் வளைவது உண்டு. தடவிளிம்பில் பின்சக்கரம் மோதியோ, இன்னொரு வண்டி பக்கவாட்டில் இடித்தோ வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவையும் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. செயின் ஒரு சுற்றுக்குள்ளேயே ஓரிடத்தில் விறைத்து இன்னோரிடத்தில் தொங்கும். பிரேக் மிதி காலுக்கடியில் துடிக்கும். டிஸ்க் ஆடி ஆடி பேடுகளை விலக்கிவிட்டிருக்கும், முதல் மிதிக்குப் பிடிக்காது. டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சட்டத்தில் ஒரு கம்பியைக் கட்டி அதன் முனையை அச்சுக்கு மயிரிழை தள்ளி நிறுத்தி, கையால் சுற்றினால் போதும். இடைவெளி கூடிக் குறைந்தால் தெரிந்துவிடும். வெடிப்பைப் பார்க்கச் சாயம் தெளிக்கும் முறை கடைகளில் கிடைக்கிறது. ரயில்வே பட்டறைகளின் பழைய முறையும் மோசமில்லை: எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து, சுத்தமாகத் துடைத்து, மேலே சுண்ணப்பொடி பூசிவிட்டால், வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடு காட்டும்.

அச்சை மாற்றும் வேலையில் வித்தை குறைவு, பொறுமை அதிகம். கழற்றுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும்: ஹப்பிலிருந்து ஹப்புக்கு எவ்வளவு, சட்டத்திலிருந்து இரு பக்கமும் எவ்வளவு, ஸ்ப்ராக்கெட் எந்தக் கோட்டில் நிற்கிறது. பிறகு சக்கரம், ஹப், செயின். பேரிங்கின் கிரப் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினாலும் அச்சு உடனே வராது. ஸ்க்ரூ கடித்த இடத்தில் பிசிறு எழும்பியிருக்கும். அரத்தால் நீவி, எமரித் தாளால் தேய்க்காமல் சுத்தியலை எடுக்கிறவர் பேரிங்கையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். அடித்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் மரக்கட்டை வைத்து அடிக்கலாம். புது அச்சைச் செருகும்போது பேரிங் கூடுகளின் போல்ட்டுகள் எல்லாம் தளர்வாக இருக்கட்டும். அச்சைக் கையால் சுற்றிச் சுற்றி, பேரிங்குகள் தாமே ஒரு நேர்க்கோட்டுக்கு வந்தபின் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். கடைசியில் விரலால் தட்டிவிட்டால் அச்சு தயங்காமல் ஓடி மெல்ல நிற்கும். சட்டென்று நின்றால் எங்கோ இறுக்கம், திரும்பவும் தளர்த்து. மூன்று பேரிங் உள்ள சட்டங்களில் நடுப் பேரிங்கின் ஸ்க்ரூக்களை வேண்டுமென்றே இறுக்காமல் விடுவார்கள். அச்சு இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கட்டும் என்று.

இவ்வளவு வேலைக்குப் பதில், வளைந்ததையே பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திவிடலாமே என்ற எண்ணம் யாருக்கும் வரும். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

“அண்ணா, இத நிமித்திக் குடுத்துருங்கண்ணா. நாளைக்குக் காலைல வண்டி ட்ராக்குல நிக்கோணும்.”

“நிமித்தறது பத்து நிமிச வேலைங்க தம்பி. ஓடறப்ப எப்ப விட்டுப்போகும்னு மட்டும் எங்கிட்டக் கேக்கப்படாது.”

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. வளைந்தபோது அந்த இடத்து எஃகு ஒருமுறை தன் எல்லையைத் தாண்டி நீண்டுவிட்டது. நிமிர்த்தும்போது அதே இடம் எதிர்த்திசையில் இன்னொருமுறை எல்லை தாண்டுகிறது. டயல் கேஜ் ஆடாது, கண்ணுக்கு நூல் பிடித்தது போலிருக்கும். உள்ளே இழுவிசையும் அமுக்கவிசையும் சிறைப்பட்டுக் கிடக்கும். வளைந்து கொடுக்கும் குணம் அந்த ஓரிடத்தில் மட்டும் செத்திருக்கும். குழாய் அச்சென்றால் வட்டம் நசுங்கியும் இருக்கும். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தினால் இன்னும் மோசம், அதன் டெம்பரே போய்விடும். வாடகைக்கு விடும் தடங்களில், வேகம் குறைவு, தண்டு தடிமன் என்று சமாதானம் சொல்லி நிமிர்த்தி ஓட்டுகிறார்கள். அதற்கும் நான் ஒப்பமாட்டேன். அங்கே வண்டியில் உட்காருபவர்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு. லேத்தில் கடைந்த ஒரு தண்டின் விலை அணியின் டயர் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. எதையும் வீணாக்காத நம் பட்டறை அறம் டிஃபரன்ஷியலோடும் எஞ்சினோடும் நின்றுகொள்ளட்டும். பின்னச்சுக்கு அது பொருந்தாது.

கடைசியாக, கார்ட் கட்டும் கல்லூரிப் பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய வளைந்த அச்சைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். அடுத்த ஆண்டு வரும் அணிக்கு அதன் வரலாறு தெரியாது. போட்டிக்கு முந்தின இரவு அவர்கள் கண்ணில் அதுதான் படும், எடுத்து நிமிர்த்திப் பூட்டிவிடுவார்கள். பழைய இரும்புக்காரரிடம் போடும் முன்பே ஹாக்ஸாவை எடுத்து அதை நடுவில் இரண்டாக அறுத்துவிடுங்கள்.